தூத்துக்குடி – யாழ்ப்பாணம்: விமானத் தூரம், பயண நேரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கம் டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று இந்த வட்டாரத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. மீன் தொழில், மளிகைக் கடை, துறைமுக வேலை என்று வந்து தங்கியவர்கள். எங்கள் குடும்பமும் அப்படித்தான். இவர்களில் சிலருக்கு யாழ்ப்பாணத்திலும் உறவு இருக்கிறது. கல்யாணம், காரியம் என்றால் ஊரில் இருக்கும் பெரியவர்களை அங்கே அனுப்ப வேண்டும். கடைக்கு வந்து போனை நீட்டுவார்கள். தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் விமான நிலையத்துக்கு 254 கிலோமீட்டர், 49 நிமிடம் என்று ஒரு பக்கம் சொல்லும். "அண்ணா, அம்பது நிமிஷம்தான்னு போட்டிருக்கு. டிக்கெட் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

254 கிலோமீட்டர் என்பது சரியான கணக்கா?

சரியான கணக்குதான். தூத்துக்குடி விமான நிலையம் வாகைகுளத்தில் இருக்கிறது. யாழ்ப்பாண விமான நிலையம் பலாலியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வானத்தில் ஒரு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 254 கிலோமீட்டர் வரும். சில பக்கங்களில் 158 என்றும் சிலவற்றில் 137 என்றும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலாவது சாதாரண மைல், இரண்டாவது கடல் மைல். விமானிகள் கடல் மைலில்தான் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

இந்தத் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

என் மேசையில் ஒரு உலக உருண்டை வைத்திருக்கிறேன். பூக்கட்டும் நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தால், நூல் எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் மிகக் குறைந்த தூரம். சென்னையையும் அமெரிக்காவின் மேற்குக் கரையையும் சேர்த்துப் பிடித்தால் நூல் பசிபிக் கடலுக்கு நடுவே போகாது, வடக்கே ஏறி அலாஸ்கா பக்கமாக வளைந்து இறங்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் நூலை விட்டுவிட்டு மறுபடி பிடித்துப் பார்ப்பார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு இந்த வளைவு கண்ணுக்கே தெரியாது.

நீங்களே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னை விமான நிலையமும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, 80 பாகையை (டிகிரியை) ஒட்டி. அதாவது யாழ்ப்பாணம் நமக்கு நேர் தெற்கே. சென்னை விமான நிலையம் வட அட்சம் 12.99 பாகை, பலாலி 9.79 பாகை. வித்தியாசம் 3.2 பாகை. நம் பக்கத்தில் ஒரு பாகை அட்சம் என்பது 110.6 கிலோமீட்டர். பெருக்கினால் 354 கிலோமீட்டர். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள வான்வழித் தூரம் அவ்வளவுதான். சென்னையிலிருந்து மதுரையே இதைவிடத் தூரம்.

49 நிமிடம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இங்கேதான் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். அந்தப் பக்கங்களில் பல, எந்த ஊராக இருந்தாலும் ஒரே சூத்திரத்தைப் போடுகின்றன. மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துத் தூரத்தை வகுப்பது, ஏறி இறங்க அரை மணி சேர்ப்பது. 254-ஐ 800-ஆல் வகுத்தால் 19 நிமிடம், அதோடு 30 சேர்த்தால் 49. அந்த வழியில் விமானம் இருக்கிறதா இல்லையா என்று சூத்திரத்துக்குத் தெரியாது. இரண்டு ஊரின் பெயரைக் கொடுத்தால் எண்ணைத் துப்பிவிடும்.

இன்னொன்று, 800 என்பது ஜெட் விமானத்தின் வேகம். இந்தப் பக்கத்துச் சிறிய நிலையங்களுக்கு வருவது பெரும்பாலும் ஏ.டி.ஆர். 72 என்கிற, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான். அதில் போனால் 254 கிலோமீட்டருக்கு வானில் அரை மணி, ஏற, இறங்க, தரையில் உருண்டு போக என்று எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் ஆகும்.

கால அட்டவணையில் போடும் நேரம் சக்கரம் நகரத் தொடங்கியதிலிருந்து போய் நிற்கும் வரை. வானில் பறக்கும் நேரத்தைவிட அது எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். விமானமும் கோட்டின் மேலேயே போவதில்லை. குறித்த வான்வழிகள் உண்டு, ஓடுதளம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதற்கு ஏற்பச் சுற்றி வந்து இறங்க வேண்டும், நடுவில் சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு மாற வேண்டும்.

அப்படியானால் தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் உண்டா?

இல்லை. பயணிகள் விமானம் எதுவும் அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நேராக ஓடவில்லை.

வெளிநாட்டுக்கு விமானம் கிளம்ப வேண்டும் என்றால் அந்த நிலையத்தில் குடிவரவும் சுங்கமும் இருக்க வேண்டும். தூத்துக்குடி உள்நாட்டு விமானங்களுக்கான நிலையம். பல வருடங்களாக 1,350 மீட்டர் ஓடுதளத்தோடு சின்ன விமானங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது, 2025 ஜூலை 26 அன்று புது முனையத்தையும் திறந்தார்கள். பெரிய விமானம் இறங்க இடம் வந்துவிட்டது. ஆனால் பலாலியில் பயன்படுத்தும் ஓடுதளம் ஏறத்தாழ 1,400 மீட்டர்தான், அங்கே இன்னும் ஏ.டி.ஆர். அளவு விமானம்தான் தோது. அதை நிரப்ப ஒவ்வொரு நாளும் எழுபது பேராவது வேண்டும். தூத்துக்குடியிலிருந்து அவ்வளவு பேர் தினமும் போவார்கள் என்று இதுவரை எந்த நிறுவனமும் கணக்குப் போடவில்லை. என்றாவது போடுவார்கள் என்று நான் நம்புகிறேன், ஆசைப்படுகிறேன் என்றும் சொல்லலாம். அதற்குக் காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

இந்த ஊர்களுக்கு நடுவே முன்பு போக்குவரத்து இருந்ததா?

இருந்தது. இலங்கைக்கு வாசலே தூத்துக்குடிதான். சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பு போவதுதான் ஒரு காலத்தில் முறை. அந்தக் கப்பல் வழியில் ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகத்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடி – கொழும்பு தடத்தில் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள். 1908-ல் அவரைச் சிறையில் போட்டார்கள், கம்பெனியும் நொடித்துப்போனது. 1914-ல் பாம்பன் பாலம் வந்த பிறகு போட் மெயில் என்கிற ரயில் தனுஷ்கோடிக்குப் போனது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. 2011-ல் தூத்துக்குடி – கொழும்பு பயணிகள் கப்பலை மறுபடி விட்டார்கள். அது சில மாதங்களுக்குமேல் ஓடவில்லை. 'நாங்கள் கப்பலில் போய்க் கொழும்பில் சேலை வாங்கி வருவோம்' என்று பேசுகிற பாட்டிகளை என் சின்ன வயதில் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

பலாலியின் கதையும் பழையது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம் அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம், ஒரு டகோட்டா, கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து கிளம்பி காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கி அங்கிருந்து சென்னைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் முதல் வெளிநாட்டு ஊரே நம் மீனம்பாக்கம்தான். பிறகு போர் வந்து எல்லாம் நின்றது. 2019 அக்டோபர் 17-ல் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாக மறுபடி திறந்தார்கள், நவம்பர் 11-ல் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பர் 12-ல் திரும்ப வந்தது.

சரி, இன்றைக்குத் தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணம் போக உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

விமானத்திலேயே போவதென்றால் சென்னை வந்துதான் போக வேண்டும். தூத்துக்குடி – சென்னை 528 கிலோமீட்டர், சென்னை – யாழ்ப்பாணம் 354, ஆக 882 கிலோமீட்டர். 254 இருக்கும் இடத்தில் மூன்றரை மடங்கு.

நேரக் கணக்கை எப்போதும் வீட்டு வாசலில் ஆரம்பித்து வீட்டு வாசலில் முடிக்கச் சொல்வேன். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இருக்கும் ஒருவரை வைத்துப் பார்ப்போம். வீட்டிலிருந்து வாகைகுளம் போக அரை மணி. அங்கே முன்கூட்டியே போய்க் காத்திருப்பது ஒன்றரை மணி. சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி. இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்கு நடக்க அரை மணி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம். பலாலியில் குடிவரவு, சுங்கம், பெட்டி என்று முக்கால் மணி. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு நாற்பது நிமிடம். கூட்டினால் ஒன்பதே முக்கால் மணி நேரம். அதுவும் இரண்டு விமானங்களும் நேரம் ஒத்துவந்தால். ஒத்துவராத நாளில் சென்னையில் ஒரு இரவு தங்க வேண்டும்.

49 நிமிடம் என்று நம்பி அத்தையைக் காலையில் கிளப்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் ஆளைக் காத்திருக்க வைப்பது வீண் மனக்கஷ்டம்.

இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தால் மலிவாக இருக்கிறதே?

மலிவாகத்தான் இருக்கும். ஆனால் பி.என்.ஆர். என்கிற ஒரே பதிவு எண்ணில் இரண்டும் இருந்தால்தான், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் முதல் நிறுவனம் உங்களைச் சென்னையில் இறக்கியதோடு கடமையை முடித்துக்கொள்ளும், இரண்டாவது நிறுவனம் நீங்கள் வரவே இல்லை என்று எழுதிக்கொள்ளும்.

என் பெரியம்மாவுக்கு இது நடந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே எடுத்துக் கொடுத்த டிக்கெட். இரண்டு விமானத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம்தான் விட்டிருந்தேன். தூத்துக்குடியில் விமானம் ஒன்றேகால் மணி தாமதம். பெரியம்மா மீனம்பாக்கத்தில் இறங்கி, மக்ரூன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மூடிய கவுன்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் ராயபுரத்திலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது என்னைப் பார்த்து, "விடுறா, நாளைக்குப் போனா ஆச்சு" என்றார். மறுநாள் அங்கே பேத்தியின் சடங்கு காலையிலேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தனி டிக்கெட் என்றால் நடுவே ஆறு மணி நேரமாவது விடாமல் நான் பதிவு செய்து கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் சரி.

திருச்சி வழியாகப் போகலாமா?

போகலாம். என்னைக் கேட்டால் தெற்கே இருப்பவர்களுக்கு அதுதான் நல்ல வழி. 2025 மார்ச் 30-ல் திருச்சி – யாழ்ப்பாணம் நேரடி விமானம் தொடங்கியது. தூரம் 184 கிலோமீட்டர்தான், அட்டவணையில் ஒரு மணி நேரம். தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாகத் திருச்சிக்குக் காரிலோ பஸ்ஸிலோ ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்தரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரும், சென்னை வழியைவிட முக்கால் மணி கூடுதல். ஆனால் ஒரே ஒரு விமானம், ஒரே ஒரு டிக்கெட், நடுவில் தவறவிட ஒன்றுமில்லை. வயதானவர்களை இரண்டு தடவை பாதுகாப்புச் சோதனையில் நிற்க வைக்கவும் வேண்டாம். இந்தத் தடத்தில் நாட்களும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் வீட்டில் நாள் குறிக்கும் முன்பே ஓடும் நாட்களைப் பார்த்துவிடுங்கள்.

கப்பல்?

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு திரும்ப வந்தது. ஏறத்தாழ 60 கடல் மைல், நான்கு மணி நேரம். காங்கேசன்துறை பலாலிக்குப் பக்கம்தான். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் ஓடாது. காசிமேட்டு ஆட்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை.

அங்கே போய் கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கையும் நம் நேரம்தான்.

விசிறி விமானம் பழைய மாடலா? பயமாக இருக்கிறதே?

பழைய மாடல் இல்லை. உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற சுழலி இயந்திரம்தான், அது விசிறியைச் சுற்றுகிறது. குறுகிய ஓடுதளத்தில் ஏறி இறங்கவும், குறைந்த தூரத்துக்கு எரிபொருளை மிச்சப்படுத்தவும் இதுதான் தோதானது. ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் மேகத்துக்குள் புகும்போது குலுக்கல் கொஞ்சம் தெரியும். ஏறுவது பின்பக்கக் கதவு வழியாக, நான்கைந்து படி மட்டும். முட்டிவலி உள்ளவர்களுக்குப் பின்வரிசை இருக்கை எடுத்துக்கொடுங்கள், உள்ளே நடக்கும் தூரம் குறையும். இறக்கை மேலே இருப்பதால் ஜன்னலை மறைக்காது. சென்னையிலிருந்து போகும்போது வலது பக்கம் உட்கார்ந்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கோடிக்கரை வரை கரை தெரியும்.

வடசென்னையிலிருந்தே கிளம்புகிறவர்கள் எப்போது வீட்டை விட வேண்டும்?

நீல வழித்தட மெட்ரோ விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே ரயில், வண்டி மாறவே வேண்டாம். 2021 பிப்ரவரியில் அது திருவொற்றியூர்ப் பக்கம் நீண்ட பிறகு நம் பாடு எளிதாகிவிட்டது. முன்பெல்லாம் தண்டையார்பேட்டையிலிருந்து மீனம்பாக்கம் என்றால், பாரிமுனையில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். இப்போது ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். அதோடு மூன்று மணி முன்கூட்டி, பயணம், அங்கே இறங்கும் வேலை எல்லாம் சேர்த்தால் தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஆறே முக்கால் மணி நேரம். ஆனால் மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். விடிகாலை விமானம் என்றால் ஆட்டோவோ காரோதான்.

எந்த மாதம் போவது நல்லது?

முடிந்தால் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை தவிருங்கள். அந்த மழை நம்மையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்தே அடிக்கும். விமானம் வட்டமடிப்பது, திரும்பிவிடுவது எல்லாம் அப்போதுதான். கல்யாணம் அந்த மாதத்தில்தான் என்றால் இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது, என்ன வைக்கக் கூடாது?

எல்லோரும் எம்.சி. ரோட்டில் சேலை எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். பட்டுச்சேலை பார்க்க மெலிசு, பத்துச் சேலை சேர்ந்தால் எடை தெரியும். சின்ன விமானத்தில் எடை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். மீன் எடை போடும் தொங்கு தராசு ஒன்று என் கடையில் கொக்கியில் மாட்டியிருக்கிறது, பெட்டியைத் தூக்கி வந்து போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி மக்ரூனைப் பெட்டிக்குள் வைத்தால் தூளாகத்தான் போய்ச் சேரும், கைப்பையில் வையுங்கள். பவர் பேங்கும் கையில்தான். கொப்பரைத் தேங்காய் வேண்டாம், எண்ணெய்ப்பசையால் தீப்பற்றும் என்று எடுத்துவிடுவார்கள். கருவாடு கேட்டு உறவுக்காரர்கள் போன் போடுவார்கள், தெரியும். வேறொரு நாட்டுச் சுங்கத்தின் முன்னால் வயதானவரை நிறுத்திப் பொட்டலத்தைப் பிரிக்க வைக்காதீர்கள்.

டிக்கெட் எடுக்க வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

பாஸ்போர்ட். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்ற முன் அனுமதி உண்டு. அதை அந்நாட்டு அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். நம் ஆட்களின் ஆதாரில் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதையே அப்பா பெயராகவோ கணவர் பெயராகவோ விரித்து எழுதியிருப்பார்கள். தூத்துக்குடி விமானத்துக்கு ஆதாரைப் பார்த்தும், யாழ்ப்பாண விமானத்துக்குப் பாஸ்போர்ட்டைப் பார்த்தும் எடுத்தால் ஒரே பயணத்தில் இரண்டு பெயராகிவிடும். இரண்டு டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருப்பதையே எழுத்துக்கு எழுத்து போடுங்கள், உள்நாட்டு விமானத்திலும் பாஸ்போர்ட்டையே காட்டச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் முதல் பக்கத்தோடு கடைசிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.